பரிசும் அரிசியும்

கீச்சு இப்போது பெரியவளாகிவிட்டாள். வேலைக்குப் போகிறாள். மூக்குக்கண்ணாடிகூடப் போட்டாயிற்று. ஆனாலும் எங்காவது இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்து 'கிணுங்' என்றால் போதும், அவளுக்கு உடனே பத்து வயது ஆகிவிடும். தோளின் இரண்டு பக்கமும் பின்னல் தொங்கும். மாடி வீட்டின் முன்னறையில் அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வாள்.

கீச்சு என்பது மாமா வைத்த பெயர். அவள் பிறந்த அன்று அழுத அழுகையைக் கேட்டு, "யாருப்பா இது, கதவுக்கு எண்ணெய் போடாம விட்டது?" என்றாராம். அந்தக் கீச்சுக்குரல் வளர்ந்த பிறகும் மாறவில்லை. பெயரும் ஒட்டிக்கொண்டது.

அப்பா டவுன் பஸ் ஓட்டுநர். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அதனால் காலைப் பொழுது முழுக்க அம்மாவுக்கும் கீச்சுவுக்கும் சொந்தம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தலை வாருவாள். கீச்சு கீழே உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, பேசுவாள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் யாருக்கும் சண்டை, யார் பென்சில் டப்பாவில் வெட்டுக்கிளி கொண்டுவந்தது, கணக்கு டீச்சர் எப்படித் தும்மினார், எல்லாம் வரும்.

"அப்புறம்?" என்பாள் அம்மா.

"அப்புறம் டப்பாவத் திறந்தா வெட்டுக்கிளியக் காணோம்."

"ஐயையோ. டீச்சர் கொண்டைல போய் உக்காந்துச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் வெட்டுக்கிளியா இருந்தா அங்கதான் போவேன்."

கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, கதை முடிகிற நேரத்துக்குச் சரியாகப் பின்னலை முடிந்துவிடுவாள் அம்மா. அம்மாவைப் போல 'அப்புறம்?' கேட்க உலகத்தில் ஆளே கிடையாது என்று கீச்சு நினைத்தாள்.

அம்மா வேலை பார்த்தது தெருக்கோடியில் இருந்த ஜூஸ் கம்பெனியில். கழுவி வந்த கண்ணாடிப் பாட்டில்களைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. இரண்டு பாட்டில்களை எடுப்பாள். காதருகே கொண்டுபோய் லேசாகத் தட்டுவாள். நல்ல பாட்டில் 'கிணுங்' என்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருந்தால் 'டொக்' என்னும். அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவாள். அவள் கையிலிருந்து விரிசல் பாட்டில் ஒன்றுகூடத் தப்பிப் போனதில்லை. கம்பெனியில் அவளுக்குப் பெயரே 'காதுக்காரி'.

சாயங்காலம் சங்கு ஊதும்போது கீச்சு கம்பெனி வாசலில் நிற்பாள். அம்மாவும் அவள் தோழி லேபிள் அக்காவும் கையில் சோப்பு வாசனையோடு வெளியே வருவார்கள். லேபிள் அக்கா பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்பவள். உள்ளே இருக்கும் சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அதனால் அங்கே எல்லோருக்கும் ஒரு கைப்பேச்சு இருந்தது. வயிற்றைத் தட்டினால் 'சாப்பிடப் போகலாமா'. மூக்கைத் தொட்டால் 'மேனேஜர் வருகிறார்', ஏனென்றால் மேனேஜருக்கு மூக்கு கொஞ்சம் தாராளம். மற்றதையெல்லாம் உதடு அசைவதைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். கீச்சு அந்தக் கைப்பேச்சு முழுவதையும் கற்றுக்கொண்டு, வகுப்பில் தோழிகளுக்கும் சொல்லிக்கொடுத்து, தலைமை ஆசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கீச்சு இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது கம்பெனிக்குப் புது மெஷின் வந்தது. பழைய மெஷின் நடந்தது என்றால் இது ஓடியது. பாட்டில்கள் பெல்ட்டில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, மோதிக்கொண்டு, தடதடவென்று பாய்ந்தன. அதற்குப் பக்கத்திலேயே அம்மாவின் மேஜை.

முதலில் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா காதைத் தேய்த்துக்கொள்வாள். "பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு" என்பாள். காலையில் எழுந்தால் சரியாகிவிடும். பிறகு காலையிலும் சரியாகவில்லை. ஆனால் அதற்குள் அம்மா அதைப் பற்றிச் சொல்வதையே நிறுத்திவிட்டாள். எல்லாம் மெதுவாக, ஒரு பக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிவதுபோல நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

டிவி சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது. கீழ் வீட்டுத் தையல்காரர் ஒருநாள் படியேறி வந்தார்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார். "நான் டிவியே வாங்க வேண்டாம். உங்க வீட்டுச் செய்தி என் தையல் மெஷின் பக்கத்துலயே கேக்குது."

அம்மா சிரித்துக்கொண்டே, "வாங்க, உக்காருங்க. தைக்கக் குடுக்கத் துணி எதுவும் இல்லையே" என்றாள். தையல்காரர் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு இறங்கிப் போனார்.

கீச்சுவுக்குப் பத்து வயதானபோது பள்ளி ஓவியப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. அன்று சாயங்காலமே சொல்லிவிடலாம்தான். ஆனால் இவ்வளவு நல்ல செய்தியைக் காலையில், தலை வாரும்போது, சாவகாசமாகச் சொல்ல வேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அம்மா, எனக்குப் பரிசு கிடைச்சிருக்கு."

சீப்பு இறங்கியது, ஏறியது.

"அரிசியா?" என்றாள் அம்மா. "டப்பா நிறைய இருக்கே."

"பரிசும்மா. ஓவியப் போட்டியில. முதல் பரிசு."

"சரி சரி, சாயந்திரம் பாத்துக்கலாம்."

கீச்சு காத்திருந்தாள். 'அப்புறம்?' வரவில்லை. ரிப்பன்தான் வந்தது. பின்னல் இரண்டும் முடிந்தன. முதுகில் ஒரு தட்டு தட்டி, "கிளம்பு, நேரமாச்சு" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் கீச்சு கிடந்த கல்லையெல்லாம் உதைத்துக்கொண்டே போனாள். அன்றிலிருந்து தலை வாரும்போது அவள் பேசவில்லை. 'ஏன் பேசாம இருக்கே?' என்று அம்மா கேட்பாள் என எதிர்பார்த்தாள். அம்மா கேட்கவேயில்லை. பேசுவதும் பேசாததும் அவளுக்கு ஒன்றுபோல இருந்தது. அதுதான் ரொம்ப வலித்தது.

அப்பாவிடம் சொன்னாள்.

"அம்மாவுக்கு வேலை அலுப்பு கண்ணு" என்றார் அப்பா. "என்கிட்டயும் இப்பல்லாம் ஒரு வார்த்தைதான். நீ மனசுல வெச்சிக்காதே."

ஆனால் மனசு என்ன பள்ளிக்கூடப் பையா, வேண்டாததை எடுத்து வெளியே வைக்க?

மழைக்காலம் வந்தது. ஒருநாள் மழை பலமாகப் பிடித்துக்கொள்ள, பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு அன்று விடுமுறை. கீச்சு தொப்பலாக நனைந்து மாடிப்படி ஏறினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பெல்லை அழுத்தினாள். அது குருவி கத்துவதுபோல மெல்லிசாகக் கத்துகிற பெல்.

கதவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். கீச்சு மறுபடி அழுத்தினாள். அம்மா ஒரு துண்டை உதறி, மடித்து, அடுத்த துண்டை எடுத்தாள்.

"அம்மா, கதவத் திற."

அம்மா திரும்பவில்லை. விடாமல் பெல்லை அழுத்திக்கொண்டே கூப்பிட்டாள் கீச்சு. அம்மா சட்டையின் கையை நிதானமாக மடித்தாள். கேட்டும் கேட்காததுபோல இருக்கிறாளா? கீச்சுவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. காலை ஓங்கிக் கதவில் ஓர் உதை விட்டாள். 'தொம்' என்றது கதவு.

அம்மா சட்டென்று திரும்பினாள்.

"எப்ப வந்தே? ஏன் இப்படி நனைஞ்சு நிக்கிற?" என்று ஓடி வந்து கதவைத் திறந்தாள். "பெல் இருக்குல்ல, அத அடிக்காம கதவ உதைக்கிறியே."

கீச்சு கத்துவதற்காக வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அதில் பொய்யே இல்லை. அம்மா உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள்.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள் அம்மா. கீச்சு உட்கார்ந்து யோசித்தாள். கதவை உதைத்தது கேட்டது. பெல் கேட்கவில்லை. தான் கூப்பிட்டதும் கேட்கவில்லை.

துவட்டி முடித்து அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தபோது கீச்சு ஒரு காரியம் செய்தாள். சத்தமே எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து, "தண்ணி வேணும்" என்றாள். குரல் துளிகூட வெளியே வரவில்லை.

அம்மா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கீச்சு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை. அம்மா பேச்சைக் கேட்பதில்லை. கம்பெனியில் செய்கிற மாதிரி உதட்டைப் பார்க்கிறாள். வீட்டிலும், தன் பெண்ணிடமும்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் காது பரிசோதனை. வந்த கொஞ்ச நேரத்திலேயே அவருக்குக் 'காது அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. காதில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேக்கும்போதெல்லாம் விரலத் தூக்கு. ரொம்பச் சின்னச் சத்தமா இருந்தாலும் தூக்கு" என்றார். கீச்சு எல்லாவற்றுக்கும் தூக்கினாள்.

"உன் காது அருமையா இருக்கு. அடுத்த ஆள வரச் சொல்லு."

கீச்சு எழுந்திருக்கவில்லை. "அக்கா, ஒருத்தருக்குக் கதவ உதைச்சா கேக்குது, பெல் அடிச்சா கேக்கல. அது ஏன்?"

காது அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு."

"எங்க வேலை பாக்குறாங்க?"

"ஜூஸ் கம்பெனில. பாட்டில் மெஷினுக்குப் பக்கத்துல."

"டிவி சத்தமா வைப்பாங்களா?"

"கீழ் வீட்டுக்கே கேக்கும்."

"நாலு பேர் கூடிப் பேசுற இடத்துல ஒதுங்கி உக்காருவாங்களா? கேட்டதுக்குச் சம்பந்தம் இல்லாம பதில் சொல்வாங்களா?"

கீச்சு தலையாட்டினாள். பரிசு அரிசியான கதையைச் சொன்னாள். காது அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"நம்ம காதுக்குள்ள, ரொம்ப உள்ள, மெல்லிய முடி மாதிரி இருக்கும். புல்லு மாதிரின்னு வெச்சிக்கோயேன். சத்தம் வந்தா அது அசையும். பெரிய சத்தம் நாள் முழுக்க, வருஷக்கணக்கா அத மிதிச்சுக்கிட்டே இருந்தா, புல்லு படுத்துடும். அப்புறம் எழுந்திருக்காது. 'தொம்'முனு வர்ற கனமான சத்தமெல்லாம் அப்பவும் கேக்கும். மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். பெல் சத்தம், குருவிச் சத்தம், குழந்தைங்க பேச்சு."

"என் குரல் மாதிரியா?"

காது அக்கா அவளைப் பார்த்தார். "ஆமாம். உன் குரல் மாதிரிதான்."

கீச்சுவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தன்மேல் ஆசை குறையவில்லை. தன் குரல்தான் வழியில் எங்கேயோ தொலைந்துபோகிறது.

"அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா" என்றார் காது அக்கா. "அப்புறம் ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கோ. கை நீட்டினா தொடுற தூரத்துல இருக்குறவங்ககிட்டக்கூடக் கத்தித்தான் பேசணும்னா, அந்த இடத்துச் சத்தம் காதுக்கு ஆகாது. பாதுகாப்பு இல்லாம அங்க நிக்கக் கூடாது."

மறுநாள் காலை கீச்சு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து எதிரே முக்காலியில் சாய்த்து வைத்தாள்.

"கண்ணாடி எதுக்குடி?" என்றாள் அம்மா.

"வகிடு கோணலா எடுக்குற. பாத்துக்கணும்."

அம்மா சிரித்துக்கொண்டே சீப்பை எடுத்தாள். கண்ணாடியில் இருவர் முகமும் தெரிந்தன. கீச்சு வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா, ஓவியப் போட்டியில எனக்கு முதல் பரிசு கிடைச்சுது."

சீப்பு நின்றது. அம்மாவின் முகம் மலர்ந்தது. "பரிசா? முதல் பரிசா? எப்ப? ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேம்மா. அரிசி டப்பா நிறைய இருக்குன்னு சொன்னே."

கண்ணாடிக்குள் அம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப்போனது.

"நீ வாய்க்குள்ளயே பேசியிருப்பே. என் காதுக்கு ஒண்ணும் இல்ல. கம்பெனில என் பேரு என்னன்னு தெரியும்ல?"

கீச்சு வாதாடவில்லை. அவிழ்ந்த தலையோடு அப்படியே திரும்பி உட்கார்ந்தாள். அம்மாவின் முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள்.

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லும்மா. திரும்பச் சொல்றேன். எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன். எனக்கென்ன, பேசப் பிடிக்கும்தானே. ஆனா நீ கேட்ட மாதிரி தலையாட்டுறியே, அப்பதான் நான் சுவத்தோட பேசிக்கிட்டிருக்குற மாதிரி இருக்கு."

அம்மா சீப்பில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"காதுக்குள்ள எப்பப் பாத்தாலும் ஒரு விசில்" என்றாள் கடைசியில். "மெஷின் நின்னாலும் அது நிக்கிறதில்ல. உங்கப்பாகிட்டக்கூடச் சொல்லல. போன மாசம் விரிசல் பாட்டில் ரெண்டு மூணு என்னத் தாண்டிப் போயிடுச்சு. லேபிள் அக்கா கண்ணுல பட்டதால தப்பிச்சேன். தெரிஞ்சா அந்த மேஜையில என்ன உக்கார வைப்பாங்களா? காதுக்காரிக்குக் காது கேக்கலன்னா ஊரே சிரிக்காதா?"

"நான் சிரிக்க மாட்டேன்" என்றாள் கீச்சு. "அப்பா சிரிச்சா அவர் மதியச் சாப்பாட்டுல உப்பு போடாம விட்டுடலாம்."

அம்மாவுக்குக் கண்ணில் நீரோடு சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த விடுமுறை நாளில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்றில் அம்மாவை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிக் கதவை மூடினார் காது அக்கா. கீச்சு வெளியே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். காது அக்கா ஒரு பொத்தானை அழுத்தும்போதெல்லாம் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. அம்மா உள்ளே கையைத் தூக்கினாள். மறுபடி விளக்கு. மறுபடி கை.

பிறகு விளக்கு எரிந்தது. கை எழவில்லை. விளக்கு அணைந்து எரிந்தது. அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு, அடுத்த சத்தம் எப்போது வரும் என்று பொறுமையாக, கவனமாகக் காத்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டி, 'இப்பத்தாம்மா, கையத் தூக்கு' என்று சொல்லலாமா என்று கீச்சுவுக்குக் கை துறுதுறுத்தது. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. அம்மா உற்சாகமாக வெளியே வந்தாள்.

"பாத்தியா? ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் தூக்கிட்டேன்."

கீச்சு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு காது அக்காவின் முகத்தைப் பார்த்தாள். உதட்டைப் படிக்கத் தெரிந்தவளுக்கு முகத்தைப் படிக்கவா தெரியாது?

"நிறைய விட்டுட்டேனா?" என்றாள்.

காது அக்கா நாற்காலியை இழுத்து, அம்மாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். போன கேட்கும் சக்தி திரும்ப வராது என்பதை மறைக்காமல் சொன்னார். மிச்சமிருப்பதை அப்படியே காப்பாற்றலாம் என்றார். அதற்குக் காதில் அடைப்பான் இல்லாமல் அந்த மெஷின் பக்கம் இனி போகவே கூடாது. பஞ்சு வைத்தால் போதாது. விட்டுப்போன மெல்லிய சத்தங்களுக்குக் காது மெஷின் ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும், அளவெடுத்துச் செய்துவர ஒரு மாதம் ஆகும் என்றார்.

"வேலை?" என்றாள் அம்மா.

"உங்க காதுல குறை வந்தது உங்க தப்பு இல்லம்மா. நீங்க மறைச்சா பக்கத்துல நிக்கிறவங்க காதும் போகும். மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நானும் எழுதித் தரேன்."

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவுக்கு அதே யோசனை. மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் மெஷின் இருக்கும் பக்கம் வருவதே இல்லை. அவர் அறை மூடிய கதவுக்குப் பின்னால். சத்தம் என்று சொன்னால், 'கம்பெனின்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்' என்று முடித்துவிடுவார்.

"அம்மா," என்று முன்னால் வந்து நின்றாள் கீச்சு. "அவர் ரூமுக்குப் போகாதே. அவர மெஷின்கிட்ட கூப்பிடு. கூப்பிட்டுட்டு, கத்தாதே. இப்ப என்கிட்ட பேசுற மாதிரி மெதுவாப் பேசு."

அம்மா நடுத்தெருவில் நின்று அவளையே பார்த்தாள்.

மறுநாள் சங்கு ஊதியதும் கீச்சு வாசலில் காத்திருந்தாள். லேபிள் அக்கா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். நடந்ததை அங்கேயே நடித்துக் காட்டினாள்.

"மேனேஜர் வந்து நிக்கிறார். உங்கம்மா கைகட்டிக்கிட்டு, மெதுவா, கோயில்ல பேசுற மாதிரி பேசுறா. அவர் 'என்ன?'ங்கிறார். இவ மறுபடி அதே மாதிரி. அவர் குனியறார். 'என்னம்மா, கேக்கல.' இவ விடாம மெதுவாவே பேசுறா. அவர் இன்னும் குனிஞ்சு, அந்த மூக்கு உங்கம்மா தோள்ல இடிக்கிற அளவுக்கு வந்து, 'கொஞ்சம் சத்தமா சொல்லேம்மா'ன்னு கத்துறார். உடனே உங்கம்மா மெஷின நிறுத்தச் சொன்னா. நின்னுச்சு. அந்த அமைதியில சொன்னா: 'இதத்தான் சார் சொன்னேன். பக்கத்துல நிக்கிறவங்க பேசுறது உங்களுக்கே கேக்கல. நாங்க வருஷக்கணக்கா இங்க நிக்கிறோம். எனக்கு இப்ப எம்பொண்ணு பேசுறது கேக்கல.'"

லேபிள் அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்புறம் ஒவ்வொருத்தியா வாயத் திறந்தாங்க. 'எனக்கும் விசில் அடிக்குது', 'எனக்கும் காது அடைக்குது'ன்னு. நானும்தான் சொன்னேன். இத்தனை நாளா எனக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"மேனேஜர் என்ன சொன்னார்?" என்றாள் கீச்சு.

"அங்கயே ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து மெஷின ஓட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் உக்காந்து பாத்தார். காதப் பொத்திக்கிட்டு எழுந்து போனார்."

அதற்குப் பிறகு கம்பெனியில் பாட்டில்கள் மோதும் இடங்களில் எல்லாம் ரப்பர் பட்டை வந்தது. எல்லோருக்கும் காதடைப்பான் வந்தது. அம்மாவின் மேஜை சுவருக்கு அந்தப் பக்கம், பழைய கொட்டகைக்கு மாறியது. பாட்டிலைத் தட்டிக் கேட்கும் வேலைக்கு அங்கே வேறொரு பெண் வந்தாள்; அம்மாவுக்குப் பாட்டில்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் வேலை. அவள் கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு மெதுவாகத் தட்ட வேண்டும் என்று அம்மாதான் பழக்கினாள். விட்டுக்கொடுக்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. முதல் வாரம் வீட்டுக்கு வந்து சமையலறையில் டம்ளர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இப்போதெல்லாம் அவர் அம்மாவிடம் பேசுவதற்கு முன் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே வந்து பேசினார். அதனால் ஒரு வார்த்தை நாலாகி, நாலு நாற்பதாகிவிட்டது.

ஒரு மாதம் கழித்து அம்மாவின் காது மெஷின் வந்தது. அவரைக்கொட்டை அளவுதான் இருந்தது. காதுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவள் மரத்தடியில் நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"இலை" என்றாள் அம்மா. "இலை இப்படியா பேசும்? மறந்தே போச்சு."

வீட்டுக்கு வந்ததும் முன்னறையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். குழாய் சொட்டுகிறது. காலண்டர் காற்றில் அடித்துக்கொள்கிறது. கீச்சு செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாள். கீழே தையல்காரர் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார், அதுவும் தப்பு ராகத்தில். "இத்தனை நாளா இந்த வீடு இவ்வளவு சத்தமாவா இருந்துச்சு?" என்றாள். கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். புதுச் சத்தங்கள் பழகும்வரை இப்படித்தான் அசதியாக இருக்கும் என்று காது அக்கா சொல்லியிருந்தார்.

அப்பா கீச்சுவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இருவரும் பூனைபோலச் சமையலறைக்குப் போனார்கள். அப்பா எட்டி மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினார். மூடியை, மூச்சுக்கூட விடாமல், மெல்லத் திருகினார்.

"சாப்பாட்டு நேரத்துல பிஸ்கட்டா?" என்றது முன்னறையிலிருந்து அம்மாவின் குரல்.

அப்பாவின் கை அப்படியே நின்றது. "போச்சுடா" என்று கீச்சுவின் காதோடு முணுமுணுத்தார்.

"அதுவும் கேட்டுச்சு" என்றாள் அம்மா.